சீல் அறுந்த ஞாயிற்றுக்கிழமை

காரைக்காலில் ஒரு வியாபாரி அதிகாரியின் வீட்டு வாசலில் நின்றால் ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் வைத்திருக்கும். கையில் பை இருந்தால் பைக்குள் லஞ்சம். பை இல்லையென்றால் மடியில் லஞ்சம். நிற்பது பெண்ணாக இருந்துவிட்டால் இன்னும் என்னென்னவோ பேசுவார்கள், அதையெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை.

இது தெரிந்தும் நான் போனேன். சுனாமிக்கு முந்தைய வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கஸ்டம்ஸ் அதிகாரியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். கையில் ஒன்றுமில்லை என்று தெருவே பார்க்கட்டும் என்று இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்போது நான் ஓர் எறா கம்பெனி நடத்திக்கொண்டிருந்தேன். இறாலைத்தான் நாங்கள் எறா என்போம். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீளமான கொட்டகை, ஓர் ஐஸ் அறை, எறாவை உறைய வைக்கும் இயந்திரம், கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்திலிருந்து விடியற்காலையில் வந்து உட்கார்ந்து எறா உரிக்கும் பெண்கள், அவ்வளவுதான். என் கணவர் ஆரம்பித்தது. அவருக்கு நெஞ்சு வலி வந்து வீட்டோடு இருக்கும்படி ஆனபோது என் கைக்கு வந்தது. எனக்குக் கோபம் அதிகம், வாய் அதிகம், நான் இரண்டே மாதத்தில் இழுத்து மூடிவிடுவேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்காகவே மூடாமல் வைத்திருந்தேன்.

அதுவரை நாங்கள் உரித்துக் கொடுத்த எறாவைச் சென்னையில் ஒரு வியாபாரி வாங்கி, தன் பெயர் போட்ட பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் கடல், எங்கள் கை, அவர் பெயர். இது எனக்குப் பிடிக்கவில்லை. அலைந்து திரிந்து, வெளிநாட்டில் வாங்குபவரை நானே பிடித்தேன். எங்கள் பெயர் அச்சடித்த பெட்டியில், முதல் தடவையாக ஒரு முழு கன்டெய்னர் சரக்கு. வாங்குபவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். சொன்ன கப்பலில் ஏற வேண்டும், ஏறினால் வருடம் முழுக்க என்னிடமே வாங்குவார், தவறினால் அவருக்கு வேறு ஆள் இருக்கிறது. சென்னை வியாபாரிக்கு விஷயம் தெரிந்து, அவர் அதற்குள் எங்களிடம் வாங்குவதை நிறுத்தியும்விட்டார். ஆக, இந்தக் கன்டெய்னர் கப்பலில் ஏறாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டுதான். அந்தப் பெண்கள் பழையபடி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுங்காடு வரைக்கும் தெருத் தெருவாக மீன் விற்கப் போக வேண்டும். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கஸ்டம்ஸ் அதிகாரி மேற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மெலிந்த மனிதர், சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொள்வார். மேலிடத்தில் சொன்னார்களோ என்னவோ, வந்த புதிதில் வியாபாரிகளைக் கூப்பிட்டுக் கலந்துபேசும் கூட்டம் ஒன்று போட்டார். போண்டா, டீ. "உங்களுக்கு என்ன சிரமம் இருந்தாலும் தாராளமா சொல்லுங்க" என்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் யாரோ ஒருவர் எழுந்து, "எல்லாம் நல்லபடியா போய்க்கிட்டிருக்குங்க சார்" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அவருக்கும் அப்பாடா என்று இருந்திருக்கும், கூட்டம் முடிந்தது. எதிரே டீக்கடைக்கு வந்ததும் அத்தனை பேருக்கும் வாய் வந்துவிட்டது. அந்தப் பேப்பருக்கு இப்படி, இந்தக் கையெழுத்துக்கு அப்படி என்று பொழுது சாயும்வரை பொருமித் தீர்த்தார்கள். அதிகாரி தன் அறை ஜன்னலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசுவது தெரிந்திருக்கும், பேச்சு கேட்டிருக்காது.

நாங்கள் அதிகாரியோடு நேராகப் பேசுவதில்லை. அதற்கு பாய் இருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் வியாபாரம் செய்த குடும்பம், அவர் காலத்தில் சரக்கு அனுப்புகிறவர்களுக்காகக் கஸ்டம்ஸ் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் ஏஜெண்ட். நல்ல மனிதர். அதிகாரி சொல்வதை எங்களுக்கு இனிப்பாக்கிச் சொல்வார், நாங்கள் சொல்வதை அதிகாரிக்குப் பணிவாக்கிச் சொல்வார். வழியில் விஷயம் பாதி உதிர்ந்துவிடும். அது யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் அதிகாரி எங்கள் கொட்டகைக்கே வந்து, அவர் கண்ணெதிரே பெட்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றவைத்து, கதவைச் சாத்தி சீல் வைத்தார். அப்போதெல்லாம் முறுக்குக் கம்பியைக் கொக்கியில் கோத்து, அதில் ஓர் ஈயத் துண்டை மாட்டி, குறடு மாதிரி ஒரு கருவியால் நெரிப்பார்கள். ஈயத்தில் எண்களும் முத்திரையும் பதிந்துவிடும். அந்த சீல் அப்படியே இருந்தால் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறக்காமல் நேரே கப்பலுக்கு விட்டுவிடுவார்கள். அறுந்திருந்தால் ஓரமாக நிறுத்தி, எல்லாவற்றையும் இறக்கிப் பார்ப்பார்கள். அதற்குள் கப்பல் போய்விடும், சரக்கும் போய்விடும்.

அதிகாரி இதை பாயிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பாய் "எஸ் சார், எஸ் சார்" என்றார். பிறகு என்னிடம் வந்து, "சீல் வச்சாச்சு தங்கச்சி, இனிமே நிம்மதியா இரு" என்றார். லாரி டிரைவர் அதிகாரிக்குக் கைக்கெட்டும் தூரத்தில், கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

டிரைவர் மண்டபத்தூர்க்காரர். வழக்கமாக வரும் சென்னை டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் இவரைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். வருடக்கணக்காக மீன் வண்டி ஓட்டியவர், சீல் வைத்த கன்டெய்னர் அவருக்குப் புதிது. மீன் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. காரைக்கால் பாண்டிச்சேரியைச் சேர்ந்தது, சுற்றிலும் தமிழ்நாடு. இங்கே சாராயம் மலிவு என்பதால் எல்லைச் சாவடியில் ஒரு வண்டியையும் சோதிக்காமல் விடமாட்டார்கள். பாட்டில் கடத்துகிறோமா என்று பார்ப்பது போலீசின் வேலை. அதனால் நம் ஆட்கள் சாவடிக்கு வந்ததும், போலீஸ்காரர் எழுந்து வருவதற்குள் தாங்களே இறங்கிப் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். கேட்டபிறகு திறக்கிறவன் எதையோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். கேட்காமலே திறக்கிறவனை சட்டென்று அனுப்பிவிடுவார்கள். வேறெந்த ஊர் டிரைவரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை லாரி கிளம்பிப் போனது. நான் கொட்டகையில் உட்கார்ந்து அன்றைக்கு முதல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எல்லைச் சாவடிக்குப் பக்கத்து பூத்திலிருந்து டிரைவர்.

"யக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். அப்போதே டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன ஆச்சுண்ணே?"

"சாவடியில வண்டிய நிறுத்தினேன். வழக்கம்போல இறங்கிக் கதவத் தொறந்தேன். பின்னாடி ஒரு கம்பி கெடந்துச்சு, குறட்டால அறுத்துட்டேன். ஏட்டு வந்து பாத்துட்டு, அதுல ஈயம் இருந்துச்சே, என்னய்யா பண்ணி வச்சிருக்கங்கறாரு. வண்டிய ஓரமாப் போடச் சொல்லிட்டாரு."

"அந்தக் கம்பியவா அறுத்தீங்க?"

"ஈயம் பத்திரமா இருக்குக்கா. சட்டைப் பையில வச்சிருக்கேன். திரும்பப் போட்டுக்கலாம்ல?"

நான் கத்திய கத்தலில், எறா உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். டிரைவரைத் திட்டி என்ன பயன்? அவர் மரியாதை தெரிந்த மனிதர், அந்த மரியாதைதான் எங்கள் கழுத்தை அறுத்திருந்தது.

பாய்க்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும், "அல்லாவே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தங்கச்சி, நான் சொல்றதக் கேளு. கம்பிய முறுக்கி ஈயத்த அப்படியே மாட்டி அனுப்பிடுவோம். தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது. சென்னையில நம்ம ஆளு நிப்பான், பாத்துக்குவான்."

"தெரிஞ்சுபோச்சுன்னா?"

"தெரியாது இன்ஷா அல்லாஹ்."

"தெரிஞ்சா என் அனுமதி போச்சு பாய். சீல் வச்ச அந்த மனுஷன் வேலையும் போச்சு. அவருகிட்டயே போய்ச் சொல்லிடறேன்."

"இன்னைக்கு ஆபீஸ் ஏது? வீட்டுக்கா போகப்போற?" பாயின் குரலில் உண்மையான பயம் இருந்தது. "நீ வீட்டுக்குப் போனா நல்லதுக்குப் போனேன்னு ஒருத்தனும் சொல்லமாட்டான். அவரு உன்னத் தொரத்திவிட்டுட்டு, கேஸ் போட்டு வண்டியத் திருப்பச் சொல்லுவாரு. சும்மா இரு தங்கச்சி."

பாய் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மறைத்தால் தப்பிக்க வழி இருந்தது, சொன்னால் இல்லவே இல்லை என்று பட்டது. இருந்தாலும் அந்த ஈயத் துண்டை மறுபடி மாட்டி, சென்னையில் யாரோ குனிந்து பார்க்கும் நேரத்தை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. என் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஸ்கூட்டியை எடுத்தேன். கிளம்பும்போது கொட்டகையின் மூத்த பெண்மணியிடம், ஏதாவது வண்டி பிடித்துச் சாவடிக்குப் போய் லாரியோடு இருக்கச் சொன்னேன். கிளிஞ்சல்மேட்டில் அவள் சொன்னால் பஞ்சாயத்தாரே யோசிப்பார்கள். "என்ன எடுத்துட்டுப் போவட்டும்?" என்றாள். "வாயை" என்றேன். அவள் வாயோடு தன் வீட்டுப் படகின் பெரிய தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு போனது பிறகுதான் எனக்குத் தெரியும்.

அதிகாரியின் வீடு ஊருக்குள் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. தேவாலயத்தில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கறிக்கடையில் நல்ல கூட்டம். நான் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். ஜன்னல் திரை விலகி அவர் மனைவியின் முகம் தெரிந்து மறைந்தது. அப்புறம் அவர் ஜன்னலுக்கு வந்தார். கம்பிகளுக்குப் பின்னால் பனியனோடு நின்றார். கழுத்துப் பொத்தான் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான்.

"சார், ஒரு அவசரம். நேத்து நீங்க சீல் வச்ச..."

"இது ஆபீஸ் இல்லம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள துறைமுகத்துல அந்தக் கப்பலுக்குச் சரக்கு வாங்கறதையே நிறுத்திடுவாங்க சார். ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க."

"வீட்டுக்கு வரக்கூடாதும்மா. ஏஜெண்ட் மூலமா எழுதிக் கொடுங்க." சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார். கொண்டி போடும் சத்தம்கூடக் கேட்டது.

திரும்பினேன். கறிக்கடையில் நின்றவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், உலர்த்துவதை நிறுத்திவிட்டாள். அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் ஏதோ ரகசியமாகக் கொடுக்க வந்து, அவர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரகசியம்தானே உங்களுக்கு வேண்டும், இந்தாருங்கள் என்று தோன்றிவிட்டது. கேட்டை விட்டுத் தெருவின் நடுவுக்கு வந்து நின்றேன்.

"சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "நேத்து நீங்க வச்ச சீல என் டிரைவர் அறுத்துட்டாரு! போலீஸ் கேக்கல! யாரும் கேக்கல! அவரா அறுத்துட்டாரு! வண்டி சாவடியில நிக்குது!"

தெரு அப்படியே நின்றுவிட்டது.

"நான் உங்களுக்கு எதுவும் கொடுக்க வரல! கையில ஒண்ணும் இல்ல, எல்லாரும் பாத்துக்கங்க! மறைச்சு அனுப்பச் சொன்னாங்க, எனக்கு இஷ்டமில்ல! உங்க சீல் சார் அது, உங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும்! திருப்பி அனுப்பணும்னா அனுப்புங்க, ஆனா வந்து பாத்துட்டு அனுப்புங்க!"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், ஆனாலும் அழுதுவிட்டேன். கறிக்கடைக்காரர் வெட்டுவதை விட்டுவிட்டு, "சார், வந்து என்னான்னுதான் கேளுங்களேன்" என்றார்.

கதவு திறந்தது. சட்டையை மாட்டியபடி அவர் வெளியே வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "ஏம்மா இப்படிக் கத்தறீங்க?"

"மெதுவாப் பேசினா தப்பா நினைப்பாங்க சார்."

அவர் தெருவைப் பார்த்தார். என் விரித்த கைகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் நேரான கேள்விகள். கதவைத் திறந்து எவ்வளவு நேரம், யார் பார்த்தது, ஈயம் எங்கே, குளிர் இயந்திரம் ஓடுகிறதா. அவரும் சத்தமாகவே கேட்டார், நானும் சத்தமாகவே சொன்னேன். ஒரு கூட்டத்தில் பேசியிருக்க வேண்டியதை நாங்கள் கறிக்கடைக்கு முன்னால் பேசினோம்.

உள்ளே போய் மேலதிகாரிக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி செய்தார். கேட்டுக்கு வெளியே நின்ற எனக்கு மணி அடிப்பது கேட்காது, ஆனால் அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. மேலே கேட்காமல் அவர் செய்தால் அவர் தலை, செய்யாவிட்டால் என் தலை. கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். "உங்க வண்டியில வரமாட்டேன்" என்றார். ஆபீசைத் திறந்து ஈயமும் கருவியும் எடுத்துக்கொண்டு, தன்னுடைய பழைய மொபெட்டில் முன்னால் போனார். நான் பின்னால் போனேன்.

சாவடியில் லாரி ஒரு வாகை மரத்தடியில் நின்றது. குளிர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அந்த உறுமலைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூத்த பெண்மணி ஏட்டுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினாளோ, ஏட்டு எங்களைக் கண்டதும், "நான் தொறக்கச் சொல்லல சார், சத்தியமாச் சொல்லல" என்று எழுந்தே வந்துவிட்டார்.

அதிகாரி உள்ளே பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றார். வெயில் ஏறியிருந்தது. அந்தக் கதவைத் திறந்து வைத்தால் குளிர் இறங்கிவிடும், எறா இளகினால் திரும்ப உறைய வைத்து ஏமாற்ற முடியாது. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்க, மூத்த பெண்மணி தார்ப்பாயை விரித்தாள். "கதவத் தொறந்த ஒடனே இத மறச்சுப் புடிங்க. ஐஸ் பொட்டிக்கு நாங்க கடல்ல இப்டித்தான் பண்ணுவோம்." ஒரு பக்கம் டிரைவர், ஒரு பக்கம் ஏட்டு, தலைக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். சீருடையில் ஓர் ஏட்டு எறாவுக்குத் தார்ப்பாய் பிடித்ததை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதிகாரி அதற்குள் நுழைந்து போனார்.

வெள்ளையாகக் குளிர்ப்புகை தார்ப்பாய் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே பெட்டிகளைத் தட்டும் சத்தமும் நகர்த்தும் சத்தமும் கேட்டன. அரைக்கைச் சட்டையோடு போயிருக்கிறாரே, அங்கே நிற்க முடியாதே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கி வரப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"டீ லஞ்சமா சார்?" என்று கேட்டேவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "போன ஊர்ல ஒருத்தர் எங்க வாசல்ல ஒரு பழக்கூடைய வச்சுட்டுப் போயிட்டாரும்மா. நான் தொடவே இல்ல. அதுக்கே விசாரணை முடிய ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரி இன்னும் வாசல் கதவத் தொறக்கமாட்டா." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏட்டு ஓடிப்போய்த் தன் பங்கு டீயைக் கொண்டுவந்து கொடுத்தார். போலீஸ் கொடுத்த டீயை அவர் குடித்தார்.

பெட்டிகள் எல்லாம் சரியாக இருந்தன. பழைய ஈயத்தை டிரைவரிடமிருந்து வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, புதுக் கம்பி கோத்தார். நெரிப்பதற்கு முன் நிறுத்தி, டிரைவரைக் கிட்டே கூப்பிட்டார்.

"இது என்னன்னு தெரியுமா?"

"இப்பத் தெரியும் சார்."

"இத அறுக்க உங்களுக்கும் உரிமை இல்ல, போலீசுக்கும் இல்ல, கப்பல் போற எடத்துலதான் அறுக்கணும். யாராவது கேட்டா இந்த நம்பரக் காட்டுங்க. அதுக்கு மேலயும் கேட்டா எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, டிரைவரின் முன்கையில் தன் வீட்டு போன் நம்பரை எழுதினார். வியர்வையில் மை வழுக்கியது, அழுத்தி எழுதினார். அந்த நம்பரை ஊரில் எந்த வியாபாரிக்கும் அவர் கொடுத்ததில்லை.

ஏட்டு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எங்களுக்கு மொதல்லயே சொல்லியிருந்தா சார்..."

"நீங்களும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல" என்றார் அதிகாரி.

ஏட்டு, வழியில் உள்ள மற்ற சாவடிகளுக்கு வயர்லெஸ் மைக்கில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். லாரி கிளம்பிப் போனது. திரும்பிப் பார்க்காமல் அதிகாரி மொபெட்டை உதைத்துக் கிளம்பினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது. திங்கட்கிழமை முழுக்கச் சென்னையிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. பாயின் ஆள் போனை எடுக்கவில்லை. "தகவல் இல்லேன்னா நல்ல தகவல்தான்" என்று பாய் சொன்னார், ஆனால் அவரே கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வேறொரு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வியாபாரி கஸ்டம்ஸ் அதிகாரியின் வீட்டுக்குப் போனாள், அன்றைக்கே அவர் ஆபீசைத் திறந்து, நடுரோட்டில் அவள் கன்டெய்னரைத் திறந்து சீலை மாற்றிக் கொடுத்தார் என்று எவனோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். விசாரிக்க மேலதிகாரியே புறப்பட்டு வருகிறாராம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சரக்கைப் பற்றிய கவலை ஒரு பக்கம். அதைவிட, குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து நின்ற அந்த உருவம் கண்ணை விட்டுப் போகவில்லை. மறைத்துத் தொலைத்திருந்தால் ஒருவேளை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும், ஒழுங்காகச் செய்யப்போய் அவரையும் இழுத்துவிட்டேனே என்று இருந்தது. பெண்கள் பேசாமல் எறா உரித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக ரேடியோ பாடும், அதையும் யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள்.

புதன்கிழமை முற்பகலில் போன் அடித்தது. பாய்தான் எடுத்தார். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, "கஸ்டம்ஸ் ஆபீஸ்லேர்ந்து" என்றார். அத்தனை வருடத்தில் அந்த ஆபீசிலிருந்து எந்த வியாபாரிக்கும் போன் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வந்தால் நோட்டீஸ் வரும். பெண்களின் கைகள் நின்றுவிட்டன. நான் ரிசீவரை வாங்கினேன்.

"ஏறிடுச்சும்மா" என்றார் அதிகாரி.

எனக்குப் புரியவில்லை. "என்னங்க சார்?"

"உங்க கன்டெய்னர். துறைமுகத்துல எனக்குத் தெரிஞ்சவங்ககிட்ட இப்பதான் கேட்டேன். சீலப் பாத்து நேரா விட்டிருக்காங்க. கப்பல் கெளம்பிடுச்சு."

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சொல்ல வேண்டிய பாயின் ஆளுக்கு முன்னால், எனக்காக ஓர் அதிகாரி விசாரித்துச் சொல்கிறார். "ரொம்ப நன்றி சார்" என்றேன். சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது.

"கேக்கலம்மா. சத்தமாச் சொல்லுங்க."

"சார்?"

"மெதுவாப் பேசினா தப்பா நினைப்பாங்க. மேலதிகாரி எனக்கு எதிர்லதான் உக்காந்திருக்காரு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவருக்குத் தெரியணுமாம். ரிசீவர அவரு பக்கமாத் திருப்பி வைக்கிறேன். எங்க தெருவுல சொன்ன மாதிரியே சொல்லுங்க."

நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, டிரைவர் கதவைத் திறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் மூத்த பெண்மணி பின்னாலிருந்து, "தார்ப்பாய் எங்களுதுன்னு சொல்லுங்க!" என்று கூவினாள். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து, எறா வாசனையோடு என்னைச் சுற்றி நின்றுகொண்டு, ஆளுக்கொன்றாகப் போனைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். பாய்கூட ஏதோ கத்தினார். மறுமுனையில் யாரும் எங்களை நிறுத்தச் சொல்லவில்லை.